ஐம்பத்தெட்டாம் கிராசிங்குக்கு ஆதாரம் உண்டா?

அய்சுலு குர்த் உருட்டிக்கொண்டிருந்தாள். உப்புப் போட்டு வடித்த கெட்டித் தயிரை உள்ளங்கையில் எடுத்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். வெயில் போவதற்குள் பலகையைக் கூரையில் ஏற்றிவிட வேண்டும். இரண்டு கையிலும் தயிர். இடது கால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது. தொட்டிலில் நான்கு மாதப் பிள்ளை. ஆக, அவளிடம் மிச்சம் இருந்தது வலது காலும் இரண்டு காதும்தான். அந்த இரண்டு காதையும் பக்கத்து வீட்டு அமன்தாய் அண்ணன் வந்து எடுத்துக்கொண்டார்.

"நீயே சொல்லு அய்சுலு. நாம இருக்கோமா, இல்லையா?"

அய்சுலு சுற்றிலும் பார்த்தாள். நான்கு வீடு, அதில் இரண்டில் பூட்டு. ஒரு சிக்னல் அறை. எஞ்சின்கள் நீராவியில் ஓடிய காலத்துத் தண்ணீர்க் கோபுரம் ஒன்று. ஒற்றைப் பாதை இங்கே மட்டும் இரண்டாகப் பிரிந்து, வண்டிக்கு வண்டி வழிவிட்டு, மறுபடி ஒன்றாகிப் போகும். அதைத் தாண்டி வானம் வரைக்கும் புல்.

"இருக்கோம்ண்ணே" என்றாள்.

"ஆதாரம்?"

அய்சுலு தயிர்க் கையைப் பார்த்தாள். அதை ஆதாரம் என்று நீட்ட முடியுமா என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அதை அடிக்கலாம். அமன்தாய் அண்ணன் ஒரு மாதம் உட்கார்ந்து, "கோஜபெர்கென் கிராசிங்" என்று ஒரு கட்டுரை எழுதிப் போட்டிருந்தார். ரயில்வே கணக்கில் இந்த இடத்துக்குப் பேர் கிடையாது, ஐம்பத்தெட்டு என்று ஒரு எண்தான். ஆனால் இந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிற அத்தனை பேரும் கோஜபெர்கென் கிராசிங் என்றுதான் சொல்வார்கள். கோஜபெர்கென் என்பவர் வண்டிக்குப் பாதையைத் திருப்பிவிடுகிற பாயின்ட்ஸ்மேனாக இங்கே முதன்முதலில் வந்தவர். அமன்தாய் அண்ணனின் தாத்தா.

கட்டுரை போட்ட மறுநாளே, "ஏழாம் பெட்டி" என்று பேர் வைத்துக்கொண்ட யாரோ ஒரு ரயில் பைத்தியம் அதன் தலையில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டது. இந்தப் பொருள் தனிக் கட்டுரைக்குத் தகுதியானதாகத் தெரியவில்லை, ஏழு நாள் விவாதம் நடக்கும், அதற்குள் தகுதியை நிரூபிக்காவிட்டால் கட்டுரையை எடுத்துவிட்டு, அந்தப் பாதையின் நிலையங்கள் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று.

"ஒரு வரி" என்றார் அமன்தாய் அண்ணன். "முப்பத்தாறு வருஷம் பனியில நின்னு பாயின்ட் திருப்பின மனுஷனுக்கு ஒரு வரி."

அவர் முதலில் கால அட்டவணையைக் காட்டினாராம். அட்டவணையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் கட்டுரை எழுத முடியாது என்று பதில் வந்ததாம். தண்ணீர்க் கோபுரத்தைப் படம் எடுத்துப் போட்டாராம். அது கோபுரத்துக்கு ஆதாரம், கிராசிங்குக்கு அல்ல என்றார்களாம். தாத்தா சொன்ன கதைகளை எழுதினாராம். அதற்கு ஏழாம் பெட்டி சட்டமே சொல்லிவிட்டது. தன்னைப் பற்றித் தானே சொன்னது செல்லாது. சொந்தக்காரர் சொன்னது செல்லாது. சம்பளம் தருகிற ரயில்வே சொன்னதும் செல்லாது. இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத யாராவது தானாக வந்து, விரிவாக, அச்சில் எழுதியிருக்க வேண்டும்.

அய்சுலுவுக்குத் தலை சுற்றியது. பெண் கொடுப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுபோல என்று நினைத்துப் பார்த்தாள், கொஞ்சம் புரிந்தது. அங்கேயும் மாப்பிள்ளை சொன்னது செல்லாது. ஆனால் விசாரிப்பதற்கு அக்கம்பக்கம் வேண்டுமே. இங்கே அக்கம்பக்கம் என்றால் அவள்தான்.

அதை அவள் சொல்வதற்குள் அவர் தண்ணீர்க் கோபுரத்தில் ஏறிவிட்டார். கீழே போனில் ஒரு கோடுகூட வராது. பதினெட்டாம் படியில் ஒரு கோடு, உச்சியில் இரண்டு. ஏறிப் போய் ஏழாம் பெட்டியின் பதிலைப் படிப்பார், இறங்கி வந்து கோபப்படுவார், மறுபடி ஏறிப் போய் மரியாதையாகப் பதில் எழுதுவார். அந்த ஏழு நாளில் அவருடைய கால்சட்டை இரண்டு தடவை தொளதொளத்து, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது.

அவருடைய மனைவி மாக்பால் அக்காவுக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம்தான்.

"அந்தக் கட்டுரை வந்தா தண்ணி வருமாங்க?"

தண்ணீர் இங்கே வாரத்துக்கு இரண்டு தடவை ரயிலில் வரும், தொட்டிப் பெட்டியில். தொட்டிப் பெட்டி தாமதமானால் வண்டிப் பயணிகளுக்கு விற்கிற சம்சாவுக்கு மாவு பிசைவதா, துணி துவைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். மாக்பால் அக்கா மூன்று வருடமாகப் பாடுவது ஒரே பாட்டுத்தான். ஜங்ஷனுக்கு மாற்றல் கேளுங்கள், அங்கே வீட்டுக்குள் குழாய் இருக்கிறது, பாலர் பள்ளி இருக்கிறது. அவளுடைய மகள் அக்னூருக்கு ஐந்து வயது. ஊரில் வேறு குழந்தை இல்லாததால் அவளுக்கு ஒரு ஆடுதான் சிநேகிதி. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்பாள். உள்ளேயிருந்து யாராவது கையை ஆட்டினால்தான் நுழைவாள். சிக்னல் விழாமல் வண்டி நகரக் கூடாது என்பது அவள் படித்த ஒரே பாடம்.

அமன்தாய் அண்ணனோ தாத்தா நின்ற இடத்தை விட்டு நகர மாட்டேன் என்பார். ஏழாம் பெட்டி சீட்டு ஒட்டிய அன்று மதியம், சூப்பில் நூடுல்ஸ் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். மாவு தேய்க்க உதவிக்கு வந்த அய்சுலுவும் அங்கே இருந்தாள்.

"ஏழு நாள். கட்டுரை நின்னுச்சுன்னா, ஜங்ஷன் பேச்சை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது. கட்டுரையை எடுத்துட்டாங்கன்னா, மாற்றல் ஃபாரத்துல நானே கையெழுத்துப் போடறேன். அய்சுலு சாட்சி."

"சரிங்க" என்றாள் மாக்பால் அக்கா.

அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி என்று சொல்லி அய்சுலு கேட்டதில்லை. உப்பு போதுமா என்று கேட்டாலே கொஞ்சம் யோசிப்பவள்.

அடுத்த நாள் அவளே கணவருக்கு யோசனையும் சொன்னாள். சம்பந்தமில்லாத ஆள், அச்சில், விரிவாக. அவ்வளவுதானே? மாவட்டப் பத்திரிகையிலிருந்து யாரையாவது கூப்பிட்டால் என்ன? சாப்பாடு என் பொறுப்பு.

அமன்தாய் அண்ணன் ஓடி வந்து அய்சுலுவிடம் சொன்னார், மாக்பாலுக்கு இப்போதுதான் குடும்பப் பெருமை புரிய ஆரம்பித்திருக்கிறது என்று. கோபுரத்தின் உச்சிக்கே ஏறிப் பத்திரிகைக்குப் போன் போட்டார். மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை இணைப்பு அறுந்தது. "எங்க கிராசிங்", "வாங்க", "சம்சா", "புதன்" இவ்வளவும் போய்ச் சேர்ந்துவிட்டதாக அவர் நம்பினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாக்பால் அக்கா கோஜபெர்கென் என்ற பேரை வாயால் சொல்ல மாட்டாள். புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பேரை மருமகள் சொல்லக் கூடாது. செத்துப்போனவர் என்றாலும் கூடாது. அவர் எப்போதும் ரயில்வே நீளக்கோட்டில்தான் இருப்பாராம், அதனால் அவள் "நீளக்கோட்டுத் தாத்தா" என்பாள். எல்லார் வீட்டிலும் இதே கதைதான். அய்சுலுவின் மாமனார் பேர் தெமிர்பெக். தெமிர் என்றால் இரும்பு. அதனால் ரயில்காரன் பெண்டாட்டியாக இருந்தும் அவள் இருப்புப்பாதை என்று சொல்ல முடியாது, கெட்டிப்பாதை என்பாள். ஆனால் கோஜபெர்கென் அவளுக்கு எந்த உறவும் இல்லை. அந்தப் பேரை அவள் நாளைக்கு நூறு தடவை சொல்லலாம். யாரும் கேட்காததால் சொன்னதில்லை.

அமன்தாய் அண்ணனுக்கு இதில் பெருமை வேறு. கட்டுரையின் மூன்றாம் பத்தியில் எழுதியே வைத்திருந்தார்: "அவர்மேல் உள்ள மரியாதையால் இக்குடும்பத்து மருமகள்கள் இன்றும் அப்பெயரை உச்சரிப்பதில்லை." அதற்குப் பக்கத்திலேயே ஏழாம் பெட்டி ஒரு சின்ன அடையாளம் போட்டிருந்தது. ஆதாரம் தேவை.

புதன்கிழமை வந்தது. அன்றைக்கு உண்மையில் டியூட்டி அய்சுலுவின் கணவன் தாவ்ரெனுக்கு. தாவ்ரெனுக்கு ஒரு மாதமாகப் பல்வலி. அன்று விடியற்காலையில் மாக்பால் அக்கா வந்து, பல் டாக்டர் ஜங்ஷனில் இன்றைக்கு ஒரு நாள்தான் இருப்பாராம், விட்டால் கன்னம் தலையணை மாதிரி வீங்கிவிடும் என்று சொல்லி, சாமான் வண்டியில் அவனை ஏற்றி அனுப்பிவிட்டாள். ஆக, டியூட்டி அமன்தாய் அண்ணன் தலையில் விழுந்தது. அவர் கவலைப்படவில்லை. வண்டிகளுக்கு நடுவில் ஓடி வந்து பேசிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தாளில் இரண்டு பக்கமும் பதினொரு குறிப்பு எழுதி, தாத்தா பேரை மூன்று இடத்தில் பெரிய எழுத்தில் போட்டு, மனைவி கையில் கொடுத்தார். "நிருபர் கையில குடு. மறந்துடாதே." தாத்தாவின் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு சிக்னல் அறைக்குப் போனார்.

பத்தரை மணி வண்டியில் நிருபர் வந்து இறங்கினாள். ஜிபெக் என்று பேர். முப்பது வயது இருக்கும், கனமான பை, கனத்த பசி. மூன்று மணி வண்டியில் திரும்பிப் போக வேண்டும். அமன்தாய் அண்ணன் மஞ்சள் கொடியைச் சுருட்டிப் பிடித்தபடி அவளை நோக்கி நாலு எட்டு வைத்தார். உள்ளே போன் அடித்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து சரக்கு வண்டி ஒன்று கிளம்பிவிட்டது, அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் பாதை பார்க்கும் டிராலி.

மாக்பால் அக்கா நிருபரை அடுப்படிக்கு அழைத்து வந்தாள். உதவிக்கு வந்த அய்சுலு அங்கே மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய எஞ்சினில் சக்கரம் வழுக்காமல் இருக்க மணல் போட்டு வைக்கிற பெட்டி ஒன்று புல்லில் கிடந்தது. மாக்பால் அக்கா அதைக் கவிழ்த்துப் போட்டு, களிமண் பூசி, அடுப்பாக்கிவிட்டாள். அதில் வேகிற பூசணிக்காய் சம்சாவுக்கு, வண்டி நிற்கிற பதினொரு நிமிடத்தில் அடிதடி நடக்கும். ஆட்டுவால் கொழுப்பும் மிளகும் போட்டு, மேலே கருஞ்சீரகம் தூவியிருப்பாள். ஒரு தடவை வெளிநாட்டுக்காரர் ஒருவர் சம்சா வாங்கப் போய் வண்டியை விட்டுவிட்டார். அதற்காக அவர் வருத்தப்படவே இல்லை, ஏழு சம்சா தின்றுவிட்டு அடுத்த வண்டி வரும்வரை அடுப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு புத்தகம் எழுதியிருக்கிறார் என்று ஒரு டிரைவர் சொன்னார்.

ஜிபெக் முதல் சம்சாவை நின்றுகொண்டு தின்றாள். இரண்டாவதை உட்கார்ந்து தின்றாள். மூன்றாவதைத் தின்னும்போது நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். மாவை எத்தனை மடிப்பு மடிக்கிறீர்கள், பூசணி எங்கிருந்து வருகிறது, பெட்டி எந்த எஞ்சினுடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். மாக்பால் அக்கா அடக்கமாக, ஆனால் ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள்.

நடுவில் அமன்தாய் அண்ணன் மூச்சிரைக்க வந்தார். "எங்க தாத்தா வந்தப்போ இங்கே வெறும்" என்று ஆரம்பித்தார். மணி அடித்தது. ஓடினார். அரை மணி கழித்து மறுபடி வந்தார். "வெறும் ஒரு பழைய பெட்டிதான்" என்று விட்ட இடத்தில் தொடங்கினார். வண்டி கூவியது. ஓடினார். மூன்றாம் தடவை வந்தபோது பேசவே மூச்சு இல்லை. பதக்கத்தைத் தொட்டுக் காட்டினார். நிருபர், "ரொம்ப அழகா இருக்கு" என்றாள். அதற்குள் டிராலி வந்துவிட்டது.

அப்புறம்தான் ஜிபெக் அதைக் கேட்டாள்.

"இந்த இடத்துக்கு ஒரு பேர் இருக்காமே அக்கா?"

"இருக்கும்மா. என் வீட்டுக்காரரோட தாத்தா பேரு."

ஜிபெக்கும் ஒரு வீட்டு மருமகள்தான். புரிந்துகொண்டு சிரித்தாள். எழுதிக் காட்டுங்களேன் என்று பேனாவை நீட்டினாள். மாக்பால் அக்கா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். முழங்கை வரை மாவு. "நாங்க நீளக்கோட்டுத் தாத்தான்னுதான் சொல்லுவோம்" என்றாள்.

ஜிபெக் அய்சுலு பக்கம் திரும்பினாள். "நீங்க பக்கத்து வீடுதானே, அந்தக் குடும்பம் இல்லையே. நீங்க சொல்லலாமே?"

அய்சுலுவுக்குக் காதெல்லாம் சூடேறியது. பழக்கமில்லாத ஒருவர் அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு ஒரு வருடம் இருக்கும். அதுவும் பதில் தெரிந்த கேள்வி. உதட்டை நனைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். முதல் எழுத்து பல்லுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்போது மேசைக்கு அடியில் அவளுடைய வலது கால் கட்டைவிரலின் மேல் மாக்பால் அக்காவின் பூட்ஸ் வந்து உட்கார்ந்தது. தவறிப் பட்ட கால் அப்படி உட்காராது. அய்சுலு நிமிர்ந்து பார்த்தாள். மாக்பால் அக்கா சம்சாவின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள், உலகத்தில் வேறு வேலையே இல்லாதது மாதிரி.

அய்சுலு வாயை மூடிக்கொண்டாள்.

"அவளுக்குக் கூச்சம்" என்றாள் மாக்பால் அக்கா. அதுவும் உண்மைதான்.

மூன்று மணி வண்டிக்கு ஜிபெக் கிளம்பியபோது, வழியில் சாப்பிட என்று மாக்பால் அக்கா ஆறு சம்சா கட்டிக் கொடுத்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது, கொழுப்பு வழிந்துகொண்டிருந்தது. எதில் சுற்றினாள் என்று அய்சுலு பார்த்தாள். இரண்டு பக்கமும் எழுதின தாள். பதினொரு குறிப்பு. மை ஏற்கனவே நீலமாகக் கரைய ஆரம்பித்திருந்தது.

வண்டி போன பிறகு அமன்தாய் அண்ணன் முதலில் கேட்டது, "தாளைக் குடுத்தியா?"

"கையிலேயே குடுத்தேங்க" என்றாள் அக்கா.

அய்சுலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் அந்தத் தாள் ஏன் சம்சாவைச் சுற்றிக்கொண்டு போனது?

சனிக்கிழமை வண்டியின் கார்டு பத்திரிகையைக் கொண்டுவந்து போட்டார். முழுப்பக்கம். மாக்பால் அக்கா, மணல்பெட்டி அடுப்பு, சம்சா வரிசை, மூலையில் அக்னூரும் ஆடும். தலைப்பு: "நீளக்கோட்டுக் கிராசிங்கின் பூசணி சம்சா". அமன்தாய் அண்ணன் முதலிலிருந்து கடைசிவரை விரலை வைத்துப் படித்தார். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை தேடினார். கோஜபெர்கென் என்ற பேர் எங்கேயும் இல்லை. அவரைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. "தூரத்தில் அவருடைய கணவர் பச்சைக்கொடி பிடித்து நின்றார்."

"மஞ்சள்" என்றார் அமன்தாய் அண்ணன். "மஞ்சள் கொடி. அதுகூடத் தப்பு."

இருந்தாலும் விடவில்லை. அச்சு அச்சுதான், முழுப்பக்கம் முழுப்பக்கம்தான். படம் எடுத்துக்கொண்டு கோபுரத்தில் ஏறினார். அன்று முழுக்க அவர் இறங்கவும் ஏறவுமாக இருந்ததில் அய்சுலுவுக்குக் கிடைத்த செய்திகள் இவை. ஏழாம் பெட்டி பத்திரிகையைப் படித்துவிட்டது. மிகவும் நல்ல ஆதாரம் என்று பாராட்டியது. ஆனால் சம்சாவுக்கு. கிராசிங்கைப் பொறுத்தவரை, நீளக்கோட்டுக் கிராசிங் என்பது வேறு எங்கோ இருக்கிற இடமா என்று கேட்டது. இரண்டும் ஒன்றுதான் என்றார் இவர். ஆதாரம் கேட்டது. என் மனைவி சொன்னாள் என்றார். மனைவி சொன்னது செல்லாது என்றது.

பத்திரிகையில் பேர் இல்லாததே மருமகள்கள் பேர் சொல்வதில்லை என்பதற்கு ஆதாரம்தானே என்று பதினெட்டாம் படியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. உச்சிக்குப் போய் அதையும் எழுதினார். அச்சில் இல்லாத ஒன்றை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. அதைக் கேட்டபோது அய்சுலு ஒரு நிமிடம் தொட்டிலை ஆட்டுவதையே மறந்துவிட்டாள். ஒரு பேர் இருந்தால் இருக்கிறது என்கிறார்கள், இல்லாவிட்டால் இல்லை என்கிறார்கள், சொல்லக் கூடாது என்பதால் இல்லாமல் இருக்கிற பேரை என்ன செய்வார்கள்? பிள்ளை அழுததால் அதோடு விட்டுவிட்டாள்.

இதற்குள் மற்ற ரயில் பைத்தியங்கள் வந்து சேர்ந்துவிட்டன. ஒருவர் அந்த வெளிநாட்டுக்காரரின் புத்தகத்தைக் கண்டுபிடித்தார். இரண்டரைப் பக்கம் சம்சாவைப் பற்றித்தான். இன்னொருவர் எஞ்சின் மணல்பெட்டி எந்த வகை என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். அடுப்பும் ரயில் விஷயம்தான் என்று எல்லாரும் ஒரு மனதாக ஒத்துக்கொண்டார்கள். சம்பந்தமில்லாதவர், விரிவாக, அச்சில், ஒன்றுக்கு இரண்டு.

ஏழாம் நாள் காலை தீர்ப்பு வந்தது. "பூசணி சம்சா (ஐம்பத்தெட்டாம் கிராசிங்)" தனிக் கட்டுரைக்கு முழுத் தகுதி உடையது. "கோஜபெர்கென் கிராசிங்" தகுதியற்றது. அதைத் தேடி வருபவர்களைச் சம்சா பக்கத்துக்குத் திருப்பிவிடவும்.

அமன்தாய் அண்ணன் இறங்கி வந்தபோது முகத்தில் ஈ ஆடவில்லை. "மெயின் லைனைக் கொண்டுபோய் அடுப்படியில திருப்பிட்டாங்க" என்றார். இருபது வருடம் பாயின்ட் பார்த்த ஆளுக்கு அதைவிட அவமானம் என்ன இருக்கிறது.

வீட்டுக்குள் போனார். மாக்பால் அக்கா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அய்சுலு வாசலில் நின்றாள். உள்ளேயிருந்து அக்னூர் கையை ஆட்டாததால் அவளும் நுழையவில்லை.

"ஒரு தடவை, ஒரே தடவை அந்தப் பேரைச் சொல்லியிருந்தா என்ன?"

"யாரு பேரைங்க?"

"தாத்தா பேரை."

"நானா?" மாக்பால் அக்கா சல்லடையைக் கீழே வைத்தாள். "மூணாம் பத்தியில நீங்க என்ன எழுதியிருக்கீங்க? இந்த வீட்டு மருமகளுங்க இன்னைக்கும் அந்தப் பேரைச் சொல்றதில்லைன்னு. உலகம் பூரா படிக்கிற இடத்துல எழுதிட்டு, உங்களைப் பொய்யனாக்கச் சொல்றீங்களா?"

அமன்தாய் அண்ணன் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

அக்கா மாற்றல் ஃபாரத்தை எடுத்து மேசையில் வைத்தாள். எப்போதோ வாங்கி வைத்திருக்கிறாள். மடித்த இடம் பழசாகியிருந்தது. அவர் பேனாவை எடுத்தார். பேர் எழுதினார், எண் எழுதினார். மாற்றல் கேட்பதற்கான காரணம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"காரணம் என்னன்னு எழுதறது?"

"ஆதாரம் இல்லைன்னு எழுதுங்க" என்றாள் மாக்பால் அக்கா.

அன்றைக்கு மத்தியானம் அய்சுலு மறுபடி குர்த் உருட்ட உட்கார்ந்தாள். ஃபாரம் மூன்று மணி வண்டியின் கார்டிடம் போக வேண்டும். அமன்தாய் அண்ணன் வந்து எதிரில் உட்கார்ந்தார். கோபம் எல்லாம் வடிந்து, தயிர் மாதிரி இருந்தார்.

"எங்கே தப்பு நடந்துச்சுன்னே புரியல அய்சுலு. யாரும் கெடுதல் பண்ணல. மாக்பால்தான் பேப்பர்காரங்களைக் கூப்பிடச் சொன்னா. அவளேதான் சமைச்சா. தாளையும் கையில குடுத்திருக்கா. எல்லாரும் உதவிதான் பண்ணாங்க. இருந்தும் எப்படி?"

அய்சுலு உருட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு உருண்டையாக அவளுக்கும் புரிந்துகொண்டே வந்தது. பல்வலி ஒன்று. தாள் ஒன்று. மாவுக் கை ஒன்று. கடைசி உருண்டை அவளுடைய கட்டைவிரல். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. மாக்பால் அக்கா போய்விட்டால், நான்கு வீட்டில் மூன்று பூட்டு. சம்சா சுட ஆள் இல்லை, பேச ஆள் இல்லை. தாவ்ரென் டியூட்டிக்குப் போனால், அவளும் பிள்ளையும் காற்றும்தான். வாயை மூடிக்கொண்டு தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஃபாரம் இன்னும் வீட்டு மேசையில்தான் இருக்கிறது. கிழித்துவிடுவார்.

"அண்ணே" என்றாள். அவள் தானாக ஆரம்பித்த பேச்சு என்பதால் அவர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு அந்தப் பேப்பர்காரங்க எங்கிட்டயும் கேட்டாங்கண்ணே."

"என்ன கேட்டாங்க?"

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மாக்பால் அக்கா, கையில் ஒன்றல்ல, இரண்டு தாள்.

"அய்சுலு, தாவ்ரெனுக்கும் ஒரு ஃபாரம் வாங்கி வச்சிருக்கேன். பல்லு பிடுங்கின அன்னைக்கே அவன்கிட்ட கையெழுத்தும் வாங்கிட்டேன், வலியில படிக்காம போட்டுட்டான். ஒட்டின மாதிரி ரெண்டு வீடு, ரெண்டுக்கும் குழாய். பேர் எழுதணும், வா."

அய்சுலு கையிலிருந்த உருண்டையைப் பார்த்தாள். வீட்டுக்குள் குழாய். திருகினால் தண்ணீர்.

"ஏதோ சொல்ல வந்தியே?" என்றார் அமன்தாய் அண்ணன்.

"அதுவாண்ணே. நான் பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதுக்குள்ள மேசைக்கு அடியில அக்காவோட பூட்ஸு வந்து என்..."

"அய்சுலு, வர்றியா, வண்டி சிக்னலைத் தாண்டியாச்சு" என்று மாக்பால் அக்கா கூப்பிட, அவள் தொட்டில் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, தயிர்க் கையோடு ஓடிக்கொண்டே, "அப்புறமா வந்து சொல்றேண்ணே" என்றாள், ஆனால் குழாயில் தண்ணீர் கொட்டுகிற வீட்டிலிருந்து இதையெல்லாம் யார் திரும்பி வந்து சொல்லப்போகிறார்கள்?